பாஸ்போர்ட் உன் கையிலேயே இருக்கட்டும்

வெள்ளறடை
ஞாயிற்றுக்கிழமை இரவு

என் பொன்னு மக்களே,

விசா வந்த சந்தோஷத்தில் நீ செய்த முதல் வேலையே எனக்குப் பிடிக்கவில்லை. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விசாத் தாளையும் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாய். வாழ்த்துகள் வந்து குவிகின்றன, சரி. உன் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் விசா எண்ணும் எத்தனை பேர் ஃபோனுக்குப் போயிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? அந்தக் குழுவில் பாதிப்பேர் யாரென்று எனக்கே தெரியாது. உன் தம்பியை உட்காரவைத்து அழிக்கச் சொல்லிவிட்டேன். இனிமேல் இந்தக் காகிதங்களை யார் கேட்டாலும், எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடு. மாமா கேட்டாலும் அப்படித்தான்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். நீ "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்கு ஓடிவிடுவாய். எழுதிக் கொடுத்தால் ரியாத்தில் ஹாஸ்டல் கட்டிலில் தூக்கம் வராமல் கிடக்கும்போது எடுத்து இன்னொரு தடவை படிப்பாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை, ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. உன் அம்மா விசா வந்த அன்றே குருசுமலைக்கு நேர்ந்துவிட்டாள். வருகிற தவக்காலத்தில் உனக்காகவும் சேர்த்து ஏறுவாளாம். முழங்கால் வலி என்று போன மாசம் புலம்பினவள். பாட்டிதான் சமாதானம் ஆகவில்லை. "மார்த்தாண்டத்தில் இல்லாத ஆஸ்பத்திரியா, அம்புட்டு தூரம் எதுக்கு?" என்று வருகிறவர்கள் எல்லோரையும் கேட்கிறாள். கோயம்புத்தூரில் உனக்குக் கிடைக்கும் சம்பளத்தையும் உன் படிப்புக்கு எடுத்த லோனையும் அவளிடம் எப்படிச் சொல்வது?

மக்களே, நாம் பிறந்து வளர்ந்த இடத்தில் யாரும் நம்மிடம் காகிதம் கேட்டதில்லை. காலையில் மீன் வாங்கப் பனச்சமூடு சந்தைக்கு இறங்கினால் தமிழ்நாடு. மரச்சீனியும் மீனுமாகத் திரும்பி நடந்தால் கேரளம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் மதராஸ் மாநிலத்தோடு போனபோது நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றது. பாட்டா பிறந்த வீடு அங்கே, கட்டின வீடு இங்கே. இன்ன வீட்டுப் பிள்ளை என்று சொன்னால் இரண்டு பக்கமும் போதுமாக இருந்தது. 2020-ல் கொரோனா வந்ததும் அது ஒரே நாளில் மாறியதை நீயும் பார்த்தாய். களியக்காவிளையில் போலீஸ் நின்று பாஸ் கேட்டது. நம்மை நாமென்று சொல்ல நம் வாய் போதாது, ஒரு தாள் வேண்டும் என்று இந்த ஊருக்குப் புரிந்தது அந்த வருஷம்தான். நீ போகிற நாட்டில் வருஷம் முழுக்க அப்படித்தான். அங்கே உன்னை யாருக்கும் தெரியாது. இன்னார் மகள், நல்ல பிள்ளை, கைராசிக்காரி என்பதெல்லாம் இங்கேயே நின்றுவிடும். விமான நிலையத்திலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் ரோட்டில் நிறுத்தும் போலீஸிடமும் உனக்காகப் பேசப்போவது உன் கையில் இருக்கும் காகிதம் மட்டும்தான்.

அதனால்தான் உன் பெயர் விஷயம் எனக்கு உறுத்துகிறது. நீ அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்தவள்; சர்டிபிகேட்டில் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் நிற்கிறது. ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. பாஸ்போர்ட்டிலோ அதே பெயர் சர்நேம் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. நமக்கு மூன்றும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு மூன்றும் மூன்று ஆள். இனிஷியல் வைத்து எழுதும் தமிழர்கள் இதில் படும் பாடு கொஞ்சமல்ல. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் விடமாட்டோம் என்று அறிவித்தபோது, சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டிருந்த நம் ஆட்கள் எத்தனை பேர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடினார்கள்! பிறகு அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். உனக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் டேட்டாஃப்ளோவின் சர்டிபிகேட் சரிபார்ப்பில் எல்லாம் ஒத்துப்போய்விட்டது என்று சும்மா இருந்துவிடாதே. நீ வந்ததும் அக்ஷயாவில் விண்ணப்பம் போட்டு, வில்லேஜ் ஆபீசில் 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட் வாங்கிவிடலாம். இந்த மூன்று பெயரும் ஒரே ஆள் என்று வில்லேஜ் ஆபீசர் ஒப்புக்கொள்ளும் தாள் அது. இப்போது தேவைப்படாமலே போகலாம். தேவைப்படும் நாளில் நீ அங்கே இருப்பாய், வில்லேஜ் ஆபீஸ் இங்கே இருக்கும்.

கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று அக்கா சொன்னாள். நடக்கட்டும், எனக்கும் சந்தோஷம்தான். பெயரோடு புருஷன் பெயரைச் சேர்க்கிற வேலையை மட்டும் உடனே தொடங்காதே. நர்ஸிங் கவுன்சில் பதிவு, டிகிரி, சவுதி லைசென்ஸ், பாஸ்போர்ட் எல்லாம் ஒரே பெயரில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை இடிக்கும். அன்பு பெயரில் இல்லை என்று வருகிறவனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இனி பயண நாள். நீ பத்தாம் வகுப்பு தாண்டியவள். உன் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது போகுமுன் எமிக்ரேஷன் அனுமதி வேண்டும், என்ற குறிப்பு கிடையாது. மற்ற வேலைக்குப் போகிறவர்களுக்கு அது போதும். நர்ஸுகளுக்குப் போதாது. 2015-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் நர்ஸுக்கு இ-மைக்ரேட் இணையதளம் வழியாக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேண்டும். நீ கேரள அரசின் ஒடெபெக் வழியாகப் போகிறபடியால் அதை அவர்கள் முடித்திருப்பார்கள். ஆனாலும் அந்தத் தாளை நீயே வாங்கிப் பார், அச்செடுத்துக் கையில் வை. அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்ஷூரன்ஸ் தாளும் இருக்கும். பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடு. அதில் வாரிசு பெயர் சரியாக இருக்கிறதா என்று பார். விசா முன்பு போலப் பாஸ்போர்ட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அல்ல. 2023 மே முதல் சவுதி நம் நாட்டில் க்யூஆர் குறியிட்ட தாளாகத்தான் தருகிறது. ஃபோனில் இருக்கிறதே என்று அச்செடுக்காமல் போகாதே. கவுண்டரில் நிற்கும்போதுதான் சார்ஜ் தீரும். வேலை ஒப்பந்தம், டிகிரி, கவுன்சில் பதிவு, அனுபவச் சான்றிதழ் இவற்றின் அசல்கள் எல்லாம் தோளில் மாட்டும் பைக்குள்தான் போகவேண்டும். பெரிய பெட்டியில் போட்டுவிட்டு, பெட்டி வேறு ஊர் போய்விட்டது என்று அழுகிற பிள்ளைகளை நான் ரியாத் விமான நிலையத்தில் பார்த்திருக்கிறேன்.

உன் அம்மாவுக்கு எழுதித் தந்திருக்கும் நரம்பு வலி மாத்திரை உனக்கும் ஒத்துக்கொள்கிறது என்று அட்டையோடு அள்ளிக்கொண்டு போகாதே. அங்கே கட்டுப்பாடு உள்ள மருந்துகள் நிறைய. நீ நர்ஸ், உனக்கே தெரியும். எந்த மருந்தாக இருந்தாலும் உன் பெயரில் டாக்டர் சீட்டு வேண்டும். அதேபோல, "ரியாத்தில் என் அண்ணனிடம் கொடுத்துவிடு" என்று யார் பொட்டலம் கொண்டுவந்தாலும் வாங்காதே. முகத்தை முறித்துக்கொள்ள உனக்குச் சங்கடமாக இருந்தால் மாமா வேண்டாம் என்றார் என்று சொல். பழி என் மேல் வரட்டும்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். நிதானமாகப் படி.

பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்காதே. நான் சவுதிக்குப் போன காலத்தில் விமானம் இறங்கியதும் கஃபீலின், அதாவது ஸ்பான்சரின், ஆள் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வான். அதற்குப் பிறகு ஊருக்கு லீவு கிடைக்கிற அன்றுதான் அதை மறுபடி கண்ணால் பார்ப்போம். இக்காமாவை, அதாவது அங்கே தங்கும் அனுமதிக் காகிதத்தை, கொடுத்துப் பாஸ்போர்ட்டை வாங்கவேண்டும், திரும்பி வந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்து இக்காமாவை வாங்கவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நம் கையில் இருக்காது. எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால் அது தப்பு என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. பாட்டா போன செய்தி வந்தது ஒரு புதன்கிழமை ராத்திரி. அப்போது சவுதியில் வாரவிடுமுறை வியாழனும் வெள்ளியும். கம்பெனி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. என் பாஸ்போர்ட் அதற்குள் இரும்பு அலமாரியில். சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்க நண்பர்கள் இருந்தார்கள், ஊருக்குப் போய்த் திரும்பும் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா அடித்துத் தரவும் ஆள் இருந்தது. அந்தச் சிறு நீலப் புத்தகம் மட்டும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை ஆபீஸ் திறந்தபோது இங்கே அடக்கம் முடிந்திருந்தது. உனக்கு அப்போது நடை பழகுகிற வயசு. உன் அம்மா தனியாக நின்று எல்லாம் செய்தாள். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் பேசினதில்லை. இப்போது உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

நம் பாஸ்போர்ட் சட்டம் 1967-ல் வந்தது. பாஸ்போர்ட் எப்போதும் இந்திய அரசின் சொத்து என்று அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது. உன்னிடம் வைத்துக்கொள்ளக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துவைக்க ஒரு முதலாளிக்கு என்ன உரிமை? சவுதியிலும் வேலைக்காரரின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக்கூடாது என்று 2000-லேயே மந்திரிசபை தீர்மானம் போட்டிருக்கிறது. கத்தாரில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், பிடித்துவைத்த முதலாளிக்கு 25,000 ரியால் வரை அபராதம் என்கிறது. சட்டம் இருக்கிறது, கேட்டுவாங்கத்தான் ஆளில்லை. புதிதாகப் போன பிள்ளை, மொழி தெரியாது, முதல் சம்பளம் வரவில்லை, "பத்திரமாக இருக்கட்டும், கொடு" என்று அன்பாகக் கேட்டால் கொடுத்துவிடுவாள்.

போன முதல் வாரமே சண்டை போடு என்று நான் சொல்லவில்லை. இக்காமா எடுக்கப் பாஸ்போர்ட் தேவைப்படும், அப்போது கொடு. கொடுக்கும்போது யாரிடம், என்றைக்கு என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவை. வேலை முடிந்ததும் முகம் சுளிக்காமல், குரல் உயர்த்தாமல், நானே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கு. மறுத்தால் மறுபடி எழுத்தில் கேள். அதற்கும் அசையாவிட்டால் ரியாத்தில் நம் தூதரகம் இருக்கிறது, வெளியுறவுத் துறையின் மதத் இணையதளம் இருக்கிறது, கேரள அரசின் நோர்க்கா இருக்கிறது. அதற்கெல்லாம் முன்னால் எனக்கு ஃபோன் செய். எந்த நேரமானாலும் செய்.

பாஸ்போர்ட்டைத் தினமும் பையில் போட்டுக்கொண்டு திரியவேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அது பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், சாவி உன்னிடம் இருக்கட்டும். வெளியே போகும்போது எடுத்துப்போக வேண்டியது இக்காமா. எங்கள் காலத்தில் அது சிறு புத்தகம். முஸ்லிம்களுக்குப் பச்சை அட்டை, மற்றவர்களுக்குப் பழுப்பு அட்டை. தூரத்தில் இருந்து பார்த்தே போலீஸ்காரர் தெரிந்துகொள்வார். இப்போது எல்லோருக்கும் பிளாஸ்டிக் கார்டு, முகீம் என்று பெயர். வந்து இறங்கிய நாளில் இருந்து 90 நாளுக்குள் அதை எடுத்துத் தருவது உன்னை வேலைக்கு எடுத்தவர்களின் பொறுப்பு, செலவும் அவர்களுடையது. அதுவரை பாஸ்போர்ட் நகலும் விசாத் தாளும் நுழைவு முத்திரை விழுந்த பக்கத்தின் நகலும் கைப்பையில் இருக்கட்டும். கார்டு வந்ததும் அரபியில் உன் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று அரபி தெரிந்த ஒரு ஆளிடம் காட்டிப் படிக்கச் சொல். பிறந்த தேதியைப் பார். தப்பு இருந்தால் அன்றைக்கே சொன்னால் அன்றைக்கே தீரும். அப்புறம் உன் பெயரிலேயே சவுதி அரசின் அப்ஷர் கணக்கு திறந்துகொள். இக்காமா எப்போது முடிகிறது, எக்ஸிட் ரீ-என்ட்ரி அடித்திருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் தெரியும். அதன் பாஸ்வேர்டை வேறு யாரிடமும் கொடுக்காதே, உன் கூட்டுக்காரிகளிடம்கூட.

உன்னோடு படித்த பெண்களில் யாராவது குவைத்துக்கோ அமீரகத்துக்கோ போனால் அவர்களுக்கும் சொல். குவைத்தில் 2019 மார்ச்சில் இருந்து பாஸ்போர்ட்டில் ரெசிடென்ஸி ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள். லீவுக்கு ஊருக்கு வந்தால் சிவில் ஐடி கார்டையும் மறக்காமல் எடுத்து வரவேண்டும். அமீரகத்தில் 2022 ஏப்ரலில் இருந்து எமிரேட்ஸ் ஐடிதான் ரெசிடென்ஸிக்கு அடையாளம். பத்தாக்கா என்று நம்மாட்கள் சொல்வது இதைத்தான்.

ஏதாவது தொலைந்தால் பயந்து ஒளிந்துகொள்ளாதே. நான் 2013-ல் ரியாத்தில் இருந்தேன். உள்ளூர்க்காரர்களுக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் வந்து, காகிதம் சரியில்லாதவர்கள் நவம்பர் 3-க்குள் சரிசெய்துகொள்ள வேண்டும் அல்லது கிளம்பிவிட வேண்டும் என்று சவுதி அரசு சொன்ன நேரம். தூதரகத்து வாசலில் வெயிலில் நின்ற கூட்டத்தை மறக்கமுடியாது. பலரிடம் பாஸ்போர்ட் இல்லை. கஃபீலிடம் இருக்கிறது, கஃபீல் எங்கே என்று தெரியாது. சிலர் மேல் ஹுரூப், ஓடிப்போனவன் என்று புகார். அவர்களுக்குக் கிடைத்தது அவுட்பாஸ். ஊருக்கு ஒரு வழி மட்டும் போகவிடும் எமர்ஜென்சி சர்டிபிகேட். அதை வாங்கவே தான் இந்தியன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் தேவைப்பட்டது. பழைய பாஸ்போர்ட்டின் மங்கிய ஜெராக்ஸ் ஒன்றை மடித்துப் பர்ஸில் வைத்திருந்தவன் பிழைத்தான். அது இல்லாதவன் ஊருக்கு ஃபோன் போட்டு, அங்கே யாராவது ரேஷன் கார்டைத் தேடி எடுத்து அனுப்பும்வரை காத்துக்கிடந்தான். பாஸ்போர்ட் காணாமல் போனால் முதலில் போலீஸில் எழுதிக்கொடுத்துச் சீட்டு வாங்கு, கையோடு தூதரகத்துக்குச் சொல். பழைய பாஸ்போர்ட் எண்ணும் கொடுத்த தேதியும் இடமும் தெரிந்தால் புதிது எடுக்கும் வேலை பாதி முடிந்த மாதிரி.

அதனால்தான் நகல் ஒரு செட் இங்கே என் வீட்டில் இருக்கவேண்டும் என்கிறேன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, ஒப்பந்தம், பிறகு இக்காமா. நீ தங்கும் கட்டிடத்தின் பெயர், அறை எண், உன்னோடு இருக்கும் ஒரு பிள்ளையின் ஃபோன் எண். 2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் தங்கிய கட்டிடம் விடியற்காலையில் எரிந்தது உனக்கு நினைவிருக்கும். 45 இந்தியர்களின் உடல்களை விமானப்படை விமானம் கொச்சிக்குக் கொண்டுவந்தது. கொச்சியில் இறக்கப்பட்டவர்களில் 23 பேர் மலையாளிகள், ஏழு பேர் தமிழர்கள். சிலரை அடையாளம் காண டி.என்.ஏ. பார்க்கவேண்டி வந்தது. அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. அதில் ஒரு பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் எங்கே போய்க் கேட்போம், எதைக் காட்டிக் கேட்போம் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. இந்தப் பத்தியை மட்டும் அம்மாவிடம் காட்டாதே.

இன்னொன்று. உன் ரூமில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் ஏதோ ஏஜென்ட், "இப்போது விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லி ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கிவைத்திருக்கிறான் என்றாயே, அது என் மனசை விட்டுப் போகவில்லை. 2015-ல் கொச்சியில் சி.பி.ஐ. பதிந்த வழக்கு ஞாபகம் இருக்கிறதா? குவைத்துக்குப் போகும் நர்ஸுகளிடம் 19,500 ரூபாய் வாங்கவேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வரை வாங்கியதாகக் குற்றச்சாட்டு. இன்று பதிவு பெற்ற ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். விசிட் விசாவில் போய் வேலைசெய்தால் அவள் கையில் இருக்கும் காகிதம் ஒவ்வொன்றும் அவளுக்கு எதிராகத்தான் பேசும். இக்காமா கிடைக்காது, நாள் முடிந்தால் போலீஸுக்குப் பயந்து அறைக்குள்ளேயே இருக்கவேண்டும், பிடித்தால் தர்ஹீல், நாடுகடத்தும் முகாம். முதலில் அந்தச் சர்டிபிகேட்டுகளைத் திருப்பி வாங்கச் சொல். அவள் அப்பாவிடம் பேசவேண்டும் என்றால் நம்பரைத் தா, நான் பேசுகிறேன். ஒரு தகப்பனுக்கு இன்னொரு ஆண்பிள்ளை சொன்னால் சில நேரம் ஏறும். தைக்காட்டில் புரொட்டெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ் ஆபீஸ் இருக்கிறது, அவரைக் கூட்டிக்கொண்டு போகவும் நான் தயார்.

நீ வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தால் சனிக்கிழமை அக்ஷயா வேலையை முடித்துவிடலாம், பிறகு பனச்சமூட்டில் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுப்போம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெள்ளைப் பின்னணியில் ஒரு டஜன் எடுத்துக்கொள். அங்கே ஒவ்வொன்றுக்கும் கேட்பார்கள். கோயம்புத்தூரை விட்டுக் கிளம்புவதற்குள் அனுபவச் சான்றிதழில் ஆஸ்பத்திரி சீலும் கையெழுத்தும் தேதியும் விழுந்ததா என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல். நாளைக்கு வா, நாளன்றைக்கு வா என்று இழுத்தால் விடாதே, போய் உட்கார்ந்து வாங்கு. மாமி உனக்காக நெத்திலி காயவைத்து எடுத்துவைத்திருக்கிறாள்; சாப்பிட்டுவிட்டுப் போகத்தான், பெட்டியில் வைக்க அல்ல.

அன்புடன்,
உன் மாமா